‘சட்டவிரோதமாக வந்தவருக்கு ஏது உரிமை?’: ஒரு நாடுகடத்தல் வழக்கை முன்வைத்து

2025 மார்ச் கடைசியில் கில்மார் அப்ரெகோ கார்சியா என்ற பெயர் அமெரிக்கச் செய்திகளில் அடிபடத் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே அங்கிருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே பேச்சு. ‘ரௌடிக் கும்பலைச் சேர்ந்தவன், தொலைந்தது நல்லது’ என்றார்கள் சிலர். ‘மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அப்பாவி மனுஷன்’ என்றார்கள் வேறு சிலர். ‘விசா இல்லாமல் புகுந்தவருக்குக் கோர்ட்டு என்ன, கேஸ் என்ன?’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டவர்கள்தான் அதிகம்.

அந்த வழக்கைக் கேட்ட நீதிமன்றங்கள் இந்த மூன்றில் எதையும் விசாரிக்கவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது அவற்றின் முன்னால் இருந்த கேள்வியே இல்லை. அமெரிக்காவில் அவர் தொடர்ந்து தங்கலாமா என்பதும் இல்லை. ‘அனுப்பக் கூடாது’ என்று உத்தரவு இருந்த நாட்டுக்கே ஒருவரை அனுப்பிவிட்டால் அடுத்து என்ன என்பதுதான் கேள்வி. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து விஷயங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

என்ன நடந்தது?

அப்ரெகோ கார்சியா மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் நாட்டுக்காரர். அவர் குடும்பம் அங்கே புபூசா விற்றுப் பிழைத்தது; சோள மாவைத் தட்டி உள்ளே பூரணம் வைத்துச் சுடும் ரொட்டி அது. ‘பாரியோ 18’ என்ற கும்பல் மாமூல் கேட்டது. தராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவோம், கொன்றுவிடுவோம் என்று மிரட்டியது. 16 வயது வாக்கில் அவர் அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்குள் வந்தார். மேரிலாந்து மாநிலத்தில் கட்டட வேலை பார்த்தார். அமெரிக்கக் குடிமகள் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

2019 மார்ச்சில் ஹோம் டிப்போ கடை வாசலில் கூலி வேலை தேடி நின்றவர்களோடு இவரையும் போலீஸ் பிடித்தது. எம்எஸ்-13 என்ற வேறொரு ரௌடிக் கும்பலைச் சேர்ந்தவர் என்றது. அதற்குக் காட்டிய ஆதாரம், பெயர் சொல்லாத ஓர் இன்ஃபார்மரின் தகவலும் இவர் போட்டிருந்த சிகாகோ புல்ஸ் தொப்பியும். அவர் மறுத்தார். குற்ற வழக்கு எதுவும் போடவில்லை. குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஜாமீன் விசாரணையில் ஒரு நீதிபதி அந்தத் தகவலை ஏற்று ஜாமீனை மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசுத் தரப்பு இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கும் கொம்பு அதுதான். ஆனால் அந்த அக்டோபரில் முழு விசாரணை நடத்திய இன்னொரு குடியேற்ற நீதிபதி, எல் சால்வடோருக்கு அனுப்பினால் பாரியோ 18 கும்பலால் இவர் உயிருக்கு ஆபத்து என்று ஏற்றுக்கொண்டார். அந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவிட்டார். அப்போதும் அதிபர் டிரம்ப்தான். அவருடைய அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்தில் ஆஜராகி, முறையான வேலை அனுமதியோடு அவர் இருந்தார். 2025 மார்ச் 12 அன்று பால்டிமோரில் காரை நிறுத்திப் பிடித்தார்கள். ஐந்து வயது மகன் பின்சீட்டில். மார்ச் 15 அன்று எல் சால்வடோரின் ‘செகோட்’ சிறைக்குள் இருந்தார். கும்பல்காரர்களை அடைப்பதற்கென்றே 2023இல் திறந்த, 40,000 பேர் கொள்ளும் சிறை அது.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அன்று மூன்று விமானங்கள் போயின. வெனிசுவேலாக்காரர்களை ‘அந்நிய எதிரிகள் சட்டம்’ என்ற 1798ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் ஏற்றியது தனிக்கதை, தனி வழக்கு. அப்ரெகோ கார்சியா ஏறியது மூன்றாவது விமானம். அதில் போனவர்கள் வழக்கமான குடியேற்றச் சட்டப்படி அனுப்பப்பட்டவர்கள். முதலில் பட்டியலில் அவர் பெயரே இல்லை. மாற்று ஆளாக, நம் பாஷையில் வெயிட்டிங் லிஸ்டில், இருந்தார். மேலே இருந்த சிலர் கழிந்ததும் இவர் பெயர் ஏறியது. ‘இவரை அனுப்பக் கூடாது’ என்ற குறிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இதெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னதில்லை. மார்ச் 31 அன்று குடியேற்றத் துறை அதிகாரியே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது. அதில் அவர் இதை ‘நிர்வாகப் பிழை’ என்று குறிப்பிட்டார்.

ஆக, நடந்தது தவறா என்பதில் ஆரம்பத்தில் சண்டையே இல்லை. அரசே ஒப்புக்கொண்டது. சண்டை அதன் பிறகு வந்தது.

ஒப்பந்தம் முடிந்த வாடகைக்காரர்

ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து பல மாதமாகிவிட்டது. குடியிருப்பவர் கிளம்புவதாக இல்லை. வீட்டுக்காரருக்கு அவரை வெளியேற்ற உரிமை உண்டா? உண்டு. அதற்காக நாளை காலை ஆள் கூட்டிக்கொண்டு வந்து சாமான்களைத் தெருவில் எறியலாமா? கூடாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், ஆணை வாங்க வேண்டும். குடியிருப்பவர் அங்கே வந்து ‘ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம், இதோ ரசீது’ என்று காட்ட ஒரு வாய்ப்பு வேண்டும். ரசீது இல்லாவிட்டால் அவர் தோற்பார். தோற்கப்போகிறவர் என்பதற்காக அந்த வாய்ப்பு இல்லாமல் போவதில்லை.

ஒருவருக்கு அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை இல்லாமல் இருக்கலாம்; வெளியேற்றப்படுவதற்கு முன் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை அப்போதும் அவருக்கு உண்டு. இரண்டும் இரண்டு வேறு உரிமைகள். ‘சட்டவிரோதமாக வந்தவருக்கு ஏது உரிமை’ என்று கேட்கிறவர்கள் முதலாவது இல்லை என்பதைக் காட்டி இரண்டாவதும் இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள்.

நாடுகடத்தலுக்கு வரும்போது இந்த இரண்டாவது உரிமையைத்தான் அமெரிக்கச் சட்டம் ‘உரிய நடைமுறை’ என்கிறது. ஒருவரின் சுதந்திரத்தில் அரசு கைவைக்கும் முன், என்ன காரணம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், அதைக் கேட்டு முடிவெடுக்க ஒருவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது ஒருவரை நாட்டில் வைத்துக்கொள்வதற்கான வாக்குறுதி ஆகாது.

குடிமக்களுக்கு மட்டுமா?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம், உரிய நடைமுறை இல்லாமல் எந்த ‘நபரின்’ உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. ‘குடிமகன்’ என்று எழுதவில்லை. வேறு இடங்களில், உதாரணமாக வாக்குரிமைத் திருத்தங்களில், ‘குடிமக்கள்’ என்றே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை.

இது இன்றைய இடதுசாரி நீதிபதிகள் கிளப்பிவிட்ட புதுக்கதை என்று சிலர் எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1886இல் சான்பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய சீனர்கள் வழக்கு. நகராட்சி வெள்ளையர்களுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டுச் சீனர்களுக்கு மறுத்தது. அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு அந்நியர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சீனர்கள் மீது வெறுப்பு கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்ட சட்டம் நான்கு வருடம் முன்புதான் வந்திருந்தது.

1896இல் இன்னொரு சீனர் வழக்கு. இதை 2025இல் ஏன் அதிகம் பேர் பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சட்டவிரோதமாக இருக்கும் சீனர்களை நாடுகடத்துவதற்கு முன் கடுங்காவலில் போடலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. குற்ற விசாரணை எதுவும் தேவையில்லை. உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. நாடுகடத்துவது தண்டனையாகாது, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சிறையில் கடும் உழைப்பு என்பது தண்டனை, அதற்குக் குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றது. எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாத ஒருவரை, அமெரிக்க அரசு பணம் கொடுத்து வேறொரு நாட்டுச் சிறையில் அடைத்ததைப் பற்றி யோசிக்கும்போது இந்த 130 வருடப் பழைய தீர்ப்பு பக்கத்தில் வந்து நிற்கிறது. பணம் என்றால், மொத்தமாக அனுப்பியவர்களை ஒரு வருடம் அங்கே வைத்திருக்க சுமார் 60 லட்சம் டாலர்.

1993இல் வந்த ஒரு தீர்ப்பில், நாடுகடத்தல் விசாரணையில் அந்நியர்களுக்கு உரிய நடைமுறை உண்டு என்பது நன்கு நிலைபெற்ற விஷயம் என்று எழுதியவர் நீதிபதி அன்டோனின் ஸ்காலியா. பழமைவாதிகள் கொண்டாடும் நீதிபதி அவர். தாராளவாதி என்று அவரை யாரும் திட்டியதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. உரிமை இருக்கிறது என்பதால் அது பெரிய உரிமை என்று ஆகிவிடாது. 1903இல் ஒரு ஜப்பானிய இளம்பெண்ணின் வழக்கில், கேட்காமல் நாடுகடத்தக் கூடாது என்ற விதியை உச்ச நீதிமன்றம் நிறுவியது. அதே தீர்ப்பில் அந்தப் பெண் தோற்றாள். விசாரணை நடந்த ஆங்கிலம் தனக்குப் புரியவில்லை என்று அவள் சொன்னதை, அது அவளுடைய துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டார்கள்.

குற்ற வழக்கு வேறு, குடியேற்ற வழக்கு வேறு

‘கேஸ் நடத்தி நிரூபித்தீர்களா?’ என்று கேட்கும் ஆதரவாளர்களும் ஓரளவு குழம்பித்தான் இருக்கிறார்கள். நாடுகடத்தல் குற்ற வழக்கு இல்லை. வாடகை வழக்கைப் போல அது சிவில் விவகாரம். ஜூரி கிடையாது. அரசு செலவில் வக்கீல் கிடையாது. வைத்துக்கொள்ளலாம், காசு நம்முடையது. காசில்லாதவர்கள், சிறு பிள்ளைகள்கூட, வக்கீல் இல்லாமல் நிற்பதுண்டு. குடியேற்ற நீதிபதி என்பவரும் நாம் நினைக்கிற மாதிரி சுதந்திரமான நீதிபதி அல்ல. அவர் நீதி அமைச்சகத்தின், அதாவது அதன் தலைவரான அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை செய்யும் அரசு ஊழியர். அமெரிக்க அரசுக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும் அமைப்பு என்று இதைச் சொன்னால் மிகையில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் அப்ரெகோ கார்சியா 2019இல் ஜெயித்தார்.

இன்னொரு விஷயம், நம்மவர்களுக்காக. எல்லையை மறைந்து கடப்பது சிறு குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. ஆனால் முறையான விசாவில் வந்து, காலாவதியான பிறகும் தங்கியிருப்பது குற்றமே அல்ல, சிவில் விதிமீறல். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் வரை அவகாசம். அது தாண்டி, வேறு எந்த மனுவும் போடாமல் இருந்தால், ‘நாங்கள் வரிசையில் நின்று வந்தவர்கள்’ என்று நேற்று எழுதியவரும் இதே நாடுகடத்தல் சட்டத்துக்குள் வந்துவிடுவார். அப்போது அவர் கையில் இருக்கப்போவதும் இதே உரிய நடைமுறைதான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொண்டு மேலே போவோம். தங்கும் உரிமையும், கேட்கப்படும் உரிமையும் வேறு வேறு. இரண்டாவது உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. ஆனால் அது குற்ற வழக்கில் கிடைப்பதைவிட மெலிதானது.

தஞ்சம் கிடைக்கவில்லை, பிறகு என்ன கிடைத்தது?

மொத்த விவாதமும் இடறி விழுவது இங்கேதான். ‘அவருக்குச் சட்டப்படி தங்கும் அந்தஸ்து கொடுத்திருந்தார்கள்’ என்பதும் தவறு. ‘அவரை நாடுகடத்த ஏற்கெனவே ஆணை இருந்தது, அதைத்தான் நிறைவேற்றினார்கள்’ என்பதும் தவறு.

தஞ்சம் என்பது சொந்த நாட்டில் துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவருக்குக் கொடுக்கும் முழுப் பாதுகாப்பு. அதைப் பெற்றால் கிரீன் கார்டு, அப்புறம் குடியுரிமை வரை போகலாம். ஆனால் நாட்டுக்குள் வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்ரெகோ கார்சியா அந்தக் கெடுவைப் பல வருடம் தாண்டிவிட்டார். தஞ்சம் மறுக்கப்பட்டது.

அவருக்குக் கிடைத்தது ‘வெளியேற்ற நிறுத்திவைப்பு’. குறிப்பிட்ட ஒரு நாட்டுக்கு மட்டும் ஒருவரை அனுப்பக் கூடாது என்ற தடை அது. கிரீன் கார்டு வராது, குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. வேறு ஏதாவது நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பலாம். வாடகைக்காரர் கதையில் சொன்னால், ‘இவரை வெளியேற்றிக்கொள், ஆனால் வெட்டுவதற்கு ஆள் காத்திருக்கும் அந்த ஒரு தெருவில் கொண்டுபோய் விடாதே’ என்று நீதிமன்றம் சொன்னது போல.

கிடைக்கும் சலுகை சிறியது, ஆனால் அதைப் பெறுவது தஞ்சத்தைவிடக் கஷ்டம். தஞ்சத்துக்கு நியாயமான அச்சம் இருந்தால் போதும். பத்தில் ஒரு பங்கு சாத்தியம்கூடப் போதலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுத்திவைப்புக்கோ, ஆபத்து நேராமல் இருப்பதைவிட நேர்வதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். அதோடு, சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிட்டால், கொடுப்பதா வேண்டாமா என்று நீதிபதி யோசிக்க இடமில்லை. கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது அந்தப் பிழையைத் திரும்பப் பாருங்கள். உலகத்தில் 190க்கு மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. சட்டம் தடுத்திருந்தது ஒரே ஒரு நாட்டை. அந்த நாட்டுக்குத்தான் அனுப்பினார்கள். அரசுக்கு நேர்வழி இல்லாமலும் இல்லை. எல் சால்வடோரில் அந்தக் கும்பலை ஒடுக்கிவிட்டார்கள், இனி ஆபத்து இல்லை என்று வாதிட்டு, நிறுத்திவைப்பை நீக்கச் சொல்லி வழக்கைத் திறந்திருக்கலாம். அல்லது எம்எஸ்-13 என்ற குற்றச்சாட்டை நிரூபித்திருக்கலாம். அல்லது வேறொரு நாட்டைத் தேடியிருக்கலாம். எதையும் செய்யவில்லை.

துணை அதிபர் வான்ஸ் அப்போது ஒரு வாதம் வைத்தார். எவ்வளவு நடைமுறை ‘உரியது’ என்பது அரசின் வளம், பொதுநலன், அந்த நபரின் நிலை எல்லாவற்றையும் பொறுத்தது என்றார். சட்டப் பாடமாகப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் சரி. எல்லைக்கோட்டில் பிடிபட்டவருக்கும் கிரீன் கார்டுக்காரருக்கும் ஒரே அளவு நடைமுறை கிடையாது. ஆனால் இந்த வழக்கில் அந்த வாதம் பொருந்தவில்லை. இவருக்கு எவ்வளவு நடைமுறை கொடுக்கலாம் என்ற கேள்வி 2019இலேயே முடிந்துவிட்டது. விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது, அரசு அதை ஏற்றது. 2025இல் மீறப்பட்டது அந்தத் தீர்ப்பு.

உரிமை மெலிந்துபோகும் இடம்

வான்ஸ் சொன்னது எங்கே பொருந்தும் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு வழக்கு உண்டு. 2017 தொடக்கத்தில் இலங்கைத் தமிழ் விவசாயி ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி கலிபோர்னியாவுக்குள் வந்தார். எல்லைக்கோட்டிலிருந்து வெறும் 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். இலங்கையில் தன்னை வேனில் கடத்திக் கண்ணைக் கட்டி அடித்தார்கள் என்றார். யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்று அதிகாரி தள்ளுபடி செய்தார். இலங்கையில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வேன்களைப் பற்றித் தெரிந்த எவருக்கும், ‘யார் என்று தெரியாது’ என்ற பதிலின் அர்த்தம் புரியும். அந்த அதிகாரிக்குப் புரியவில்லை.

அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். ஒருவரைப் பிடித்து வைத்திருப்பது சட்டப்படிதானா என்று அரசை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைக்கும் மனு அது. ஹேபியஸ் கார்பஸ் என்று நம் ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வரும். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லையில் அப்போதுதான் நுழைந்தவர், நுழையாதவருக்குச் சமம். நாடாளுமன்றம் எழுதிய சட்டம் எவ்வளவு நடைமுறை தருகிறதோ அவ்வளவுதான் அவருக்கு என்றார்கள்.

அந்தச் சட்டத்தின் பெயர் ‘துரித வெளியேற்றம்’. 1996இல் வந்தது. குடியேற்ற நீதிபதியிடம் முழு விசாரணை இல்லாமல், அதிகாரியே ஆணை போட்டு அனுப்பும் முறை. எல்லையிலிருந்து 100 மைலுக்குள், வந்து 14 நாளுக்குள் பிடிபடுபவர்களுக்கே இது நெடுங்காலம் பயன்பட்டது. 2025 ஜனவரியில் நாடு முழுக்க, இரண்டு வருடம் ஆகாதவர்கள் வரை இதை விரித்தார்கள். அது தனியாக நீதிமன்றத்தில் இழுபடுகிறது. இப்படி ஒருவர் பிடிபட்டால், ‘நான் இரண்டு வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன்’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது.

ஆக, அப்ரெகோ கார்சியாவையும் அந்த இலங்கைத் தமிழரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை. ஒருவர் பல வருடம் உள்ளே வாழ்ந்து வழக்கில் ஜெயித்தவர். மற்றவர் வாசற்படியில் நிறுத்தப்பட்டவர். எனக்கு இரண்டாவது தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

‘கொண்டுவா’ என்று நீதிமன்றம் சொல்லலாமா?

இனி சண்டையின் மையத்துக்கு வருவோம். மேரிலாந்தில் உள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்ற நீதிபதி பவுலா சினிஸ் ஏப்ரல் 4 அன்று, அவரைத் திரும்பக் கொண்டுவர ‘வழிசெய்து, நடத்தி முடிக்க’ வேண்டும் என்று உத்தரவிட்டார். அரசின் பதில், ஆள் இப்போது வேறொரு நாட்டின் சிறையில் இருக்கிறார், அந்த நாட்டுக்கு நாங்கள் ஆணையிட முடியாது, வெளியுறவு விவகாரத்தில் நீதிபதிகள் தலையிட முடியாது என்பது.

ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம், மறுப்புத் தெரிவித்து ஒரு நீதிபதியும் எழுதாத ஆணையில், ‘வழிசெய்’ என்ற பகுதியைச் சரி என்றது. எல் சால்வடோர் காவலிலிருந்து அவர் விடுபட அரசு வழிசெய்ய வேண்டும். தவறாக அனுப்பாமல் இருந்திருந்தால் வழக்கு எப்படி நடந்திருக்குமோ அப்படி நடத்த வேண்டும். ‘நடத்தி முடி’ என்பதன் எல்லை தெளிவாக இல்லை, வெளியுறவில் அரசுக்குள்ள அதிகாரத்தை மதித்து அதை விளக்குங்கள் என்று மாவட்ட நீதிபதியிடமே திருப்பி அனுப்பியது. இரண்டு தரப்பும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்றன. வெள்ளை மாளிகை இதை ஒன்பதுக்குப் பூஜ்யம் என்ற வெற்றியாகவே சொல்லிக்கொண்டது. தீர்ப்பைப் படித்துவிட்டு அப்படிச் சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும்.

ஏப்ரல் 14 அன்று எல் சால்வடோர் அதிபர் புக்கேலே வெள்ளை மாளிகைக்கு வந்தார். ஒரு பயங்கரவாதியை நான் எப்படி அமெரிக்காவுக்குள் கடத்திக்கொண்டு வருவேன் என்று கேட்டார். அவர்களாக அனுப்பினால் விமானம் தருவோம் என்றார் அட்டர்னி ஜெனரல். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, முடிவு மற்றவர் கையில் என்றார்கள். மாத இறுதியில் தொலைக்காட்சிப் பேட்டியில், ஒரு போன் போட்டால் கொண்டுவர முடியும் அல்லவா என்று கேட்டபோது, முடியும் என்று டிரம்ப்பே ஒப்புக்கொண்டார். அவர் நல்லவராக இருந்தால் செய்வேன் என்றார். நல்லவரா என்ற கேள்வி எங்கிருந்து வழக்குக்குள் நுழைந்தது என்று இப்போது புரியும்.

திரும்பக் கொண்டுவருவது நடைமுறையில் முடியாத காரியமும் அல்ல. மேல்முறையீட்டில் ஜெயித்தவர்கள் திரும்பி வர எப்படி உதவ வேண்டும் என்று குடியேற்றத் துறைக்கு 2012இலிருந்தே உள் விதிமுறை இருக்கிறது. 2025 ஜூன் 4 அன்று ஒரு குவாதமாலாக்காரரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவருக்கும் குவாதமாலாவுக்கு அனுப்பத் தடை இருந்தது. மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள், மெக்சிகோ அவரைக் குவாதமாலாவுக்கே தள்ளியது. ‘மெக்சிகோவுக்குப் போகப் பயமில்லை என்று அவரே சொன்னார்’ என்று முதலில் நீதிமன்றத்தில் சொன்ன அரசு, அப்படிக் கேட்ட அதிகாரி யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் பிறகு அதைத் திரும்பப் பெற்றது.

வெளியே அனுப்பிவிட்டால் நீதிமன்றத்தின் கை எட்டாது என்ற வாதம் ஏன் நீதிபதிகளை உலுக்கியது? அந்த வாதத்தில் குடிமகனா இல்லையா என்பதற்கு இடமே இல்லை. விமானம் கிளம்புவதற்குள் நீதிமன்றம் தடுக்காவிட்டால், அமெரிக்கக் குடிமகனையும் இதேபோல் அனுப்பிவிட்டுக் கைவிரிக்கலாம். உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமயோர் ஏப்ரல் 10 ஆணையோடு சேர்த்து எழுதியது இதைத்தான். ஒரு வாரம் கழித்து, முன்னாள் அதிபர் ரீகன் நியமித்த மூத்த பழமைவாத நீதிபதி ஹார்வி வில்கின்சனும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து இதே பயத்தை எழுதினார். கற்பனைப் பயமும் இல்லை. 2008இல் வட கரோலினாவைச் சேர்ந்த, மனநலப் பாதிப்புள்ள அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மெக்சிகோக்காரர் என்று நாடுகடத்தினார்கள். ஸ்பானிய மொழி தெரியாத அவர் மத்திய அமெரிக்காவில் மாதக்கணக்கில் அலைந்து திரிந்தார். ‘குடிமகனுக்கு மட்டும் விசாரணை போதும்’ என்கிறவர்கள், யார் குடிமகன் என்பதை விசாரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்வதில்லை.

எதிர்வாதத்தில் இருக்கும் நியாயம்

அரசுத் தரப்பில் ஒரு நிஜமான பிரச்சினை இருக்கிறது. குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. ஒரு வழக்கு முடியச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியே பலருக்குத் தங்கும் வழியாகிவிடுகிறது. எல்லோருக்கும் விசாரணை வைத்தால் 200 வருடம் ஆகும் என்று டிரம்ப் எழுதினார். கணக்கு மிகை, ஆனால் எரிச்சல் அவருக்கு மட்டும் உரியதல்ல, பைடனுக்கு ஓட்டுப்போட்ட பலருக்கும் அது இருந்தது. தேக்கத்துக்கு மருந்து நீதிபதிகளை அதிகமாக்குவது, சட்டத்தை மாற்றுவது என்று நான் நினைக்கிறேன். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை மீறினால் தேக்கம் குறையாது. அப்ரெகோ கார்சியா விஷயத்தில் ஒரு வழக்கு அரை டஜன் வழக்காகப் பெருகியதுதான் மிச்சம்.

அப்புறம்

ஜூன் 6 அன்று அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், கைது செய்வதற்காக. 2022இல் டென்னசியில் அவர் ஓட்டிவந்த காரில் பலர் இருந்ததை வைத்து, அனுமதியில்லாமல் குடியேறியவர்களைச் சட்டவிரோதமாக ஏற்றிச் சென்றார் என்று குற்ற வழக்கு. அவர் மறுத்தார். நிரூபித்தால் தண்டனை கிடைக்கட்டும். அதற்கு ஜூரி உண்டு, வக்கீல் உண்டு. ஆகஸ்டில் ஜாமீனில் வந்தவரைச் சில நாளிலேயே குடியேற்றத் துறை மறுபடி பிடித்தது. இந்த முறை எல் சால்வடோர் இல்லை. உகாண்டா, எஸ்வாட்டினி, கானா, லைபீரியா என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். வேறு நாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது என்று மேலே பார்த்தோம். அவரை ஏற்கத் தயார் என்று கோஸ்டாரிகா சொல்லியிருந்தது, அவரும் அங்கே போகத் தயார் என்றார். ஆனால் அரசு ஆப்பிரிக்கா பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 11 அன்று சினிஸ் அவரைக் காவலிலிருந்து விடுவித்தார். காரணம் யாரும் எதிர்பாராதது. எந்த நாட்டுக்கு அனுப்புவதற்கும் முதலில் ‘வெளியேற்ற ஆணை’ என்று ஒரு காகிதம் வேண்டும். 2019 தீர்ப்பில் எல் சால்வடோருக்கு அனுப்பத் தடை இருந்தது. வெளியேற்ற ஆணை மட்டும் இல்லை. மார்ச்சில் விமானம் ஏற்றியபோதும் இல்லை, ஆகஸ்டில் மறுபடி பிடித்தபோதும் இல்லை. அன்று இரவே ஒரு குடியேற்ற நீதிபதி, அது எழுத்துப் பிழையால் விடுபட்டது என்று சொல்லி, 2019 தேதிக்கே செல்லும்படி ஆணையைச் சேர்த்தார். மறுநாள் சினிஸ், அதை வைத்து அவரை மறுபடி பிடிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டார்.